பால் சீட்டும் ரெண்டு சைபரும்

பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்குக் கணக்கு எப்படி வரும் என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் நீட்டுவது பால் சொசைட்டிச் சீட்டுக் கட்டைத்தான். சென்னிமலைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் கறவை மாடு உண்டு. சொசைட்டிக்குப் போய்ப் பால் ஊற்றுவது, சீட்டை நோட்டில் ஏற்றுவது, பணம் வந்ததும் சரிபார்ப்பது எல்லாம் மகளுடைய பொறுப்பு. எத்தனை லிட்டர், ஃபேட் (கொழுப்பு), எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடச்சத்து), லிட்டருக்கு என்ன விலை, மொத்தம் எவ்வளவு என்று சீட்டு முழுக்கப் புள்ளி வைத்த எண்கள்தான்.

நீங்களும் பிள்ளையை வீட்டில் வைத்தே படிக்க வைக்கத் தொடங்குவதானால் ஒரு வேலையை முழுசாகப் பிள்ளை கையில் கொடுத்துவிடுங்கள். "வா கண்ணு, இது எத்தனை லிட்டர்னு சொல்லு பாக்கலாம்" என்று விளையாட்டுப் போலப் பரீட்சை வைத்தால் அது உடனே மோப்பம் பிடித்துவிடும். கணக்குத் தப்பினால் தவிட்டுக்குப் பணம் இடிக்கும் என்பது நிஜமாகவே இருக்க வேண்டும். அப்புறம் நாம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். இதுதான் கஷ்டம்.

ஆரம்பத்தில் மகளுக்கு 4.15 லிட்டர், 4.2 லிட்டரைவிடக் கூடுதல். பதினைந்து, இரண்டைவிடப் பெரிசுதானே? ஒரே விலை போட்ட ரெண்டு சீட்டில் 4.2-க்குக் காசு அதிகம் வந்திருப்பதைப் பார்த்துவிட்டு, சீட்டே தப்பு என்று சண்டைக்குக் கிளம்பினாள். என் மாமனார்தான் நிறுத்தி, மில்லி கோடு போட்ட அளவுக் குவளையைக் கொடுத்து ரெண்டையும் தண்ணீரில் அளக்கச் சொன்னார். 150 மில்லியும் 200 மில்லியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. நோட்டில் 4.2-க்குப் பின்னால் தானே ஒரு பூஜ்யம் போட்டுக்கொண்டாள்.

சாயங்காலப் பாலில் ஃபேட் ஏன் கூட வருகிறது என்பது அடுத்த கேள்வி. நாங்கள் விடியற்காலை 5 மணிக்கும் மதியம் 3 மணிக்கும் கறக்கிறோம். பகல் இடைவெளி 10 மணி நேரம், ராத்திரி இடைவெளி 14. நீண்ட இடைவெளியில் பால் கூடுகிறது, கொழுப்பின் சதவீதம் இறங்குகிறது. சதவீதம் என்பது மொத்த அளவைப் பொறுத்தது என்று அவளுக்குப் பிடிபட்டது இங்கேதான்.

வாசிப்புக்கு அவசரப்படாதீர்கள். சின்னவன் வயசுப் பிள்ளைகள் மூணாவது போன பிறகுதான் அவன் எழுத்துக்கூட்டவே ஆரம்பித்தான். ஊரில் கேட்காதவர் இல்லை. அவனை இழுத்தது கதைப் புத்தகம் அல்ல, மஞ்சள் விலை. மாமனாருக்குக் கண்ணில் புரை. ஈரோட்டு மார்க்கெட் நிலவரத்தைப் பேப்பரில் பார்த்து யாராவது சொல்ல வேண்டும். மஞ்சள் ரகமான விரலி, கிழங்கு, நூறு கிலோவான குவிண்டால் என்று மூன்றே சொல், மீதி எண்.

"குவிண்டாலுக்கு இவ்வளவுன்னா கிலோவுக்கு எவ்வளவுங்க அப்பாரு?"

"ரெண்டு சைபரைத் தூக்கிரு சாமி" என்றார் மாமனார்.

நூறால் வகுப்பதற்கு வேறு பாடம் நாங்கள் நடத்தவில்லை. கடைசி ரெண்டும் சைபராக இல்லாத விலை வந்த அன்று அவனே புள்ளிக்கு வந்து சேர்ந்தான். பேப்பரிலிருந்து உர மூட்டைக்குப் போனான். 45 கிலோ யூரியாவில் தழைச்சத்து (நைட்ரஜன்) 46 சதவீதம் என்றால் மீதி மண்ணா என்றான். மண் இல்லை, கார்பன், ஆக்சிஜன், ஹைட்ரஜன் என்று நான் தேடிப் படித்துச் சொல்ல வேண்டியதாயிற்று.

மழைக் கணக்கு எந்த வீட்டிலும் செய்யலாம். அடியும் வாயும் ஒரே அகலமுள்ள டப்பாவை வெட்டவெளியில் வைத்து, நின்ற தண்ணீரை ஸ்கேலால் அளக்கச் சொல்லுங்கள். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர். ஒரு சென்ட் ஏறத்தாழ 40 சதுர மீட்டர். 10 மில்லிமீட்டர் பெய்தால் சென்டுக்கு 400 லிட்டர். மழை மறைவுப் பூமியான நம் பக்கத்தில் இந்தப் பெருக்கலுக்குப் பிள்ளைகள் காத்துக் கிடப்பார்கள்.

எழுத்துப் பழக்கத்துக்கு மனு எழுத விடுங்கள். எரியாத தெருவிளக்குக்காகக் கிராமசபையில் கொடுக்க மகள் எழுதியதைத் திரும்பத் திரும்பத் திருத்தினாள். கட்டுரை எழுதச் சொல்லியிருந்தால் ஒரு வரியோடு ஓடியிருப்பாள். வரலாற்றுக்கு, அகழாய்வு நடந்த கொடுமணல் இருக்கிறது. நொய்யல் கரையில் கிடைத்த பானை ஓடுகளில் உள்ள தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தைப் பார்த்து இருவரும் தங்கள் பெயரைச் சுவரெங்கும் கிறுக்கி வைத்திருக்கிறார்கள்.

எல்லாம் தானாக வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இயற்கணிதம் மாட்டுக் கொட்டகையில் கிடைக்காது. அதற்குப் புத்தகத்தோடு உட்காரத்தான் வேண்டும். தமிழ்நாட்டுப் பாடநூல்களை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். 14 வயது நிறைந்தால் தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலம் பத்தாம் வகுப்புக்குச் சமமான தேர்வை நேரடியாக எழுதலாம். சேரும்போது பிறந்த தேதிச் சான்று கேட்பார்கள். ஆதாரிலும் பிறப்புச் சான்றிதழிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே பார்த்து வையுங்கள்.