பச்சிளம் குழந்தையின் தோல் தடிப்பு: எப்போது காத்திருக்கக் கூடாது?

பிறந்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ குழந்தையின் நெஞ்சிலும் முதுகிலும் சிவப்புத் திட்டுகள் எழும்பும். ஒவ்வொரு திட்டின் நடுவிலும் மஞ்சள் கலந்த வெள்ளையாக ஒரு சின்னக் குரு இருக்கும். காலையில் வயிற்றில் இருந்தது மாலையில் தொடைக்குப் போய்விடும். உள்ளங்கை, உள்ளங்காலில் மட்டும் வராது. நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இது வரும். ஒன்றிரண்டு வாரத்தில் தானே மறையும், மருந்து எதுவும் தேவையில்லை.

தடிப்பைப் பார்த்ததும் "எல்லாப் பிள்ளைக்கும் வருவதுதான், போயிடும்" என்று பாட்டி சொல்வதில் பெரும்பாலும் உண்மை இருக்கிறது. ஆனால் தானே போகாத சில தடிப்புகளும் ஆரம்பத்தில் இதே மாதிரித்தான் தெரியும். முதல் 28 நாளில் குழந்தையின் நோய் எதிர்ப்புச் சக்தி மிகக் குறைவு. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டால் நிலைமை சில மணி நேரத்தில் மாறிவிடும். நாளைக்குப் பார்க்கலாமா, இப்போதே கிளம்ப வேண்டுமா என்பதைச் சரியாக முடிவுசெய்வதுதான் முக்கியம். எந்தத் தடிப்பு என்று பெயர் கண்டுபிடிக்கும் வேலையை மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

தோலை மட்டும் பார்ப்பது

பலரும் முதலில் செய்யும் தவறு இது. தடிப்பைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, இணையப் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தே அரை மணி நேரம் போய்விடும். அதற்குள் குழந்தை கடைசியாக எப்போது பால் குடித்தது என்பது யாருக்கும் நினைவில் இருக்காது.

தோலைப் பார்ப்பதற்கு முன் குழந்தையைப் பாருங்கள். அடுத்தடுத்து இரண்டு வேளை பால் குடிக்காமல் இருக்கிறதா? வழக்கமாகக் குடிப்பதில் பாதிகூடக் குடிக்கவில்லையா? பாலுக்கு எழுப்பினால் கண் திறக்காமல் துவண்டு கிடக்கிறதா? தூக்கினால் அழுகை இன்னும் கூடுகிறதா? பிறந்து ஐந்து நாள் ஆன குழந்தை 24 மணி நேரத்தில் குறைந்தது ஆறு டயப்பராவது நனைக்க வேண்டும். அது குறைந்துவிட்டதா? மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். பச்சிளம் குழந்தையின் மூச்சு ஒரே சீராக இருக்காது என்பதால் 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் கணக்கு தப்பும். குழந்தை அமைதியாக இருக்கும்போது எண்ணிக்கை 60ஐத் தாண்டினாலோ, விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்ளே இழுத்தாலோ, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகினாலோ உடனே கிளம்ப வேண்டும். இவற்றில் ஒன்று இருந்தாலே போதும். தடிப்பு கடுகளவுதான் என்பதால் அவசரம் குறைந்துவிடாது.

அடுத்தது உடல் சூடு. நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது உதவாது. காதில் வைக்கும் வெப்பமானியும் இந்த வயதில் சரியாகக் காட்டாது. டிஜிட்டல் வெப்பமானியின் நுனியை, வியர்வையைத் துடைத்த அக்குளில் தோலோடு தோலாக வைத்து, கையை உடம்போடு சேர்த்துப் பிடித்து, 'பீப்' சத்தம் வரும்வரை வைத்திருங்கள். 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு. 38 டிகிரியோ அதற்கு மேலோ காட்டினால், தடிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், குழந்தை சிரித்துக்கொண்டே இருந்தாலும், மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் இது பொருந்தும். 37.5க்கும் 38க்கும் நடுவில் இருந்தால், சுற்றிய துணியைத் தளர்த்திவிட்டு அரை மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். மேலே சொன்ன அறிகுறிகளில் ஏதாவது இருந்தால் அந்த அரை மணி நேரமும் காத்திருக்க வேண்டாம். சூடு குறைவதையும் கவனிக்க வேண்டும். 36க்குக் கீழே இறங்கி, மார்போடு அணைத்துப் போர்த்தியும் ஏறவில்லை என்றால் அதுவும் ரத்தத்தில் கிருமித் தொற்றின் அடையாளமாக இருக்கலாம். பச்சிளம் குழந்தைக்குத் தொற்று வந்தால் காய்ச்சல் அடித்தே தீரும் என்று இல்லை.

வீட்டில் மூத்த பிள்ளைக்கு வாங்கிய பாரசிட்டமால் மருந்தைக் கொடுத்துப் பார்ப்பது பெரிய தவறு. சூடு தற்காலிகமாக இறங்கும், தொற்று அப்படியே இருக்கும். மருத்துவமனையில் அளக்கும்போது 37.4 காட்டும். கொடுத்தே விட்டிருந்தால், எத்தனை மணிக்கு எவ்வளவு என்று முதல் வேலையாகச் சொல்லிவிடுங்கள்.

நீர்க் கொப்புளத்தை அக்கி என்று விடுவது

தோலில் சிறு சிறு நீர்க் கொப்புளங்கள் கொத்தாக வந்தால், நம் வீடுகளில் இன்றும் அக்கி என்பார்கள். காவியைக் குழைத்துப் பூசுவதும் உண்டு. பெரியவர்களுக்கு அப்படிச் செய்து பொறுத்திருந்தால் பெரும்பாலும் ஆறிவிடும். பச்சிளம் குழந்தைக்கு இது ஆபத்து.

சிவந்த தோலின் மேல் ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் அளவில் நீர் கோத்த கொப்புளங்கள் நெருக்கமாக, அதிலும் தலையில், கண்ணோரத்தில், வாயைச் சுற்றி வந்தால், ஹெர்ப்பீஸ் கிருமியாக இருக்கலாம் என்றே மருத்துவர்கள் முதலில் நினைப்பார்கள். முதல் மூன்று வாரத்தில்தான் பெரும்பாலும் தலைகாட்டும், ஆறு வாரம் வரையிலும் வரலாம். பிரசவத்தின்போது தாயிடமிருந்து தொற்றும். அந்தத் தாய்களில் பலருக்குத் தங்களிடம் இந்தக் கிருமி இருப்பதே தெரிந்திருக்காது. உதட்டோரம் புண் உள்ள உறவினர் கொடுக்கும் முத்தத்திலும் தொற்றும். மருந்து கொடுக்காமல் விட்டால் தோலில் இருந்து மூளைக்கும் கல்லீரலுக்கும் பரவக்கூடும். நரம்பு வழியாக அசைக்ளோவிர் 14 நாள், மூளையைத் தொட்டிருந்தால் 21 நாள் ஏற்ற வேண்டும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவுக்குப் பாதிப்பு குறையும். அதனால் குழந்தை நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருந்தாலும், நீர்க் கொப்புளம் தெரிந்த அன்றே, அது இரவு என்றால் இரவே, கிளம்புங்கள். பிறக்கும்போதே உதட்டிலோ கையிலோ இருக்கும் ஒற்றைக் கொப்புளம் வேறு. வயிற்றுக்குள் கை சூப்பியதால் வந்த அதை மகப்பேற்று வார்டிலேயே பார்த்திருப்பார்கள்.

"அம்மை போட்டிருக்கு" என்று வேப்பிலை கட்டி வீட்டோடு இருப்பதும் இதே வகைத் தவறு. பிரசவத்துக்கு ஐந்து நாள் முன்பிலிருந்து இரண்டு நாள் பின்புவரை தாய்க்குச் சின்னம்மை வந்திருந்தால், எதிர்ப்புப் பொருள் சேர்வதற்குள் கிருமி குழந்தைக்குப் போயிருக்கும். அந்தக் குழந்தைக்குக் கொப்புளம் வரும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது. தாய்க்கு அம்மை என்று தெரிந்த உடனே மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும்.

சிங்கப்பூரில் இன்னும் இரண்டைச் சொல்லியாக வேண்டும். பாலர் பள்ளிக்குப் போகும் அண்ணனோ அக்காவோ கை, கால், வாய்ப்புண் நோயோடு வீடு திரும்பியிருந்தால், அவர்களுக்கு அது ஒரு வாரத்துத் தொல்லை. அதே கிருமி பச்சிளம் குழந்தையின் இதயத்தையும் மூளையையும் தாக்கலாம். பிரசவத்தை ஒட்டித் தாய்க்கு டெங்கி இருந்திருந்தால் குழந்தைக்கும் வரலாம். முதல் வாரத்தில் காய்ச்சலும் தோலில் ரத்தப் புள்ளிகளும் தெரிந்தால் அதை நினைவில் வைத்திருங்கள்.

நம் நிறத்தில் சிவப்பைத் தேடுவது

கையேடுகளில் வரும் படங்கள் பெரும்பாலும் வெளுத்த தோலில் எடுத்தவை. மாநிறக் குழந்தைக்கும் கறுத்த குழந்தைக்கும் சிவப்பு அப்படித் தெரியாது. ஊதாவாகவோ, அடர் பழுப்பாகவோ, சுற்றியுள்ள தோலைவிடச் சற்றுக் கறுத்தோ தெரியும். சில நேரம் கண்ணுக்கு முன் கைக்குத்தான் சூடும் தடிப்பும் தெரியும். உள்ளங்கை, உள்ளங்கால், கீழ் இமையின் உள்பக்கம், ஈறு ஆகிய இடங்களில் நிற மாற்றம் தெளிவாகத் தெரியும். மஞ்சள் நிற விளக்கை விட்டு ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பாருங்கள்.

தடிப்பின் மேல் தெளிவான கண்ணாடி டம்ளரின் பக்கவாட்டை மெதுவாக அழுத்திப் பாருங்கள். சாதாரணத் தடிப்பு வெளுத்து மறையும். தோலுக்கு அடியில் ரத்தம் கசிந்த புள்ளி அழுத்தினாலும் மறையாது. மறையாத புள்ளிகள் புதிதாக வந்தால், கூடிக்கொண்டே போனால், அது ரத்தத்தில் பரவிய தொற்றாகவோ ரத்தத் தட்டணுக்கள் குறைந்ததாகவோ இருக்கலாம். இரண்டுமே அவசரம். பிரசவ அழுத்தத்தால் பிறந்த அன்றே முகத்தில் சில புள்ளிகள் இருப்பது உண்டு. அவை பெருகாமல் சில நாளில் மங்கிவிடும். டம்ளர் சோதனையில் தடிப்பு மறைந்துவிட்டது என்பதற்காகத் துவண்டு கிடக்கும் குழந்தையை வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

முதுகிலும் பிட்டத்திலும் நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் பெரிய திட்டு இருந்தால் அதுவும் அழுத்தினால் மறையாது. ஆசியக் குழந்தைகளில் மிகப் பலருக்குப் பிறவியிலேயே இருக்கும் நிறம் அது. அடிபட்ட காயமும் அல்ல, நோயும் அல்ல. முதல் பரிசோதனையிலேயே மருத்துவரிடம் காட்டிக் குறித்துவைக்கச் சொல்லுங்கள்.

உரியும் தோல், தொப்புள்

வாயைச் சுற்றியும் கழுத்து, அக்குள், தொடை மடிப்புகளிலும் தோல் சிவந்து, தொட்டாலே குழந்தை வீறிட்டு அழுது, கொதிநீர் பட்டதுபோல் தோல் வழன்று வந்தால், அது ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் நச்சால் வருவது. அவசரமாகச் சிகிச்சை தேவை. முதல் இரண்டு வாரத்தில் கை, கால், கணுக்காலில் காய்ந்த தோல் செதிலாக உதிர்வது வேறு. அதில் சிவப்பும் இருக்காது, வலியும் இருக்காது.

தொப்புள்கொடி விழும் நாள்களில் கொஞ்சம் ஈரம் இருப்பது இயல்பு. தொப்புளைச் சுற்றியுள்ள வயிற்றுத் தோல் சிவந்து, தடித்து, சீழோ துர்நாற்றமோ வந்தால், அதே மணி நேரத்தில் கிளம்ப வேண்டும். அங்கிருந்து தொற்று நேராக ரத்தத்துக்குப் போகும். சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் மெல்லக் கோடிட்டால் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று மருத்துவருக்குத் தெரியும். தொப்புளில் மஞ்சள், சாம்பல், சுட்ட வசம்பு என எதையும் வைக்காதீர்கள்.

பூசிவிட்டு அழைத்துப் போவது

எண்ணெய், மஞ்சள், பவுடர், மை ஆகியவை தடிப்பின் உண்மையான நிறத்தையும் எல்லையையும் மறைத்துவிடும். பவுடர் மூச்சோடு நுரையீரலுக்கும் போகும். பெரியவர்களுக்கு எழுதித் தந்த ஸ்டீராய்டு களிம்பு இன்னும் மோசம். பச்சிளம் தோல் அதை வேகமாக உறிஞ்சும், தொற்று உள்ளே வளர வெளியே தடிப்பு மட்டும் மங்கும்.

தைலமும் மருந்தெண்ணெயும் இந்த வயதுக்கு வேண்டாம். அவற்றில் உள்ள கற்பூரமும் மென்தாலும் ஆபத்தானவை. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைக்குப் பாச்சை உருண்டையின் வாடைகூடச் சிவப்பணுக்களை உடைத்துக் கடும் மஞ்சள் காமாலையைக் கொண்டுவரலாம். சிங்கப்பூரில் 1965 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி ரத்தத்தில் இந்தக் குறைபாட்டைச் சோதிக்கிறார்கள். முடிவு சுகாதாரக் கையேட்டில் இருக்கும். மூத்த பிள்ளையின் துணிகளைப் பெட்டியில் பாச்சை உருண்டையோடு வைத்திருந்தால், அவற்றைச் சின்னவனுக்குப் போடாதீர்கள்.

அரைஞாண் கயிறு, கறுப்புக் கயிறு கட்டியிருந்தால் அதற்கடியிலும் பாருங்கள். நனைந்த கயிற்றுக்கடியில் புண் வந்திருப்பது பல நாள் தெரியாமலே போகும்.

காத்திருக்கக் கூடியவை

வேர்க்குரு இங்கே சர்வ சாதாரணம். புழுக்கத்தில் குல்லா, காலுறை, இரண்டு சுற்றுத் துணி என்று போர்த்தி, விசிறியையும் நிறுத்தினால் வியர்வைத் துவாரம் அடைத்துக் கழுத்திலும் நெற்றியிலும் பொரிப் பொரியாக வரும். ஒரே ஒரு பருத்திச் சட்டை, நேராக முகத்தில் படாத விசிறிக் காற்று, அல்லது 25 டிகிரி வாக்கில் குளிர்சாதனம் போதும். ஓரிரு நாளில் தணியும். மூன்றாம் வாரம் கன்னத்தில் வரும் பருக்களும் தலையில் படியும் மஞ்சள் செதிலும் அடுத்த பரிசோதனைவரை காத்திருக்கலாம். டயப்பர் புண்ணுக்கு வெறும் தண்ணீரும் பஞ்சும், துத்தநாகக் களிம்பு தடிமனாக ஒரு பூச்சும், டயப்பர் இல்லாமல் கொஞ்ச நேரக் காற்றும் போதும். மூன்று நாளில் குறையாவிட்டாலோ, மடிப்புக்குள் இறங்கிச் சுற்றிலும் சிறு புள்ளிகள் தெறித்திருந்தாலோ பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதைப் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) காட்டலாம்.

எங்கே, எப்படிப் போவது

"முப்பது நாள் ஆகாமல் பிள்ளையை வெளியே எடுக்கக் கூடாது" என்ற வழக்கம் மருத்துவமனைக்குப் பொருந்தாது. இதைப் பாட்டியிடமும் மாமியாரிடமும் பிரசவத்துக்கு முன்பே பேசி வைப்பது நல்லது. இரவு இரண்டு மணிக்கு அந்தப் பேச்சைத் தொடங்க முடியாது.

பலதுறை மருந்தகம் சனிக்கிழமை மதியத்தோடு மூடி, ஞாயிறு விடுமுறை. திங்கள்வரை காத்திருப்பதும், காய்ச்சலோடு இருக்கும் பச்சிளம் குழந்தையைக் காணொளி வழி மருத்துவரிடம் காட்டுவதும் நேரத்தை வீணாக்கும். அரசு மருத்துவமனைகளில் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் குழந்தைகளுக்கென்றே 24 மணி நேர அவசரப் பிரிவு இருக்கிறது. உதடு நீலமானால், வலிப்பு வந்தால், எழுப்ப முடியாமல் துவண்டால், மூச்சு நின்று நின்று வந்தால் 995ஐ அழையுங்கள். மற்றபடி டாக்சியில் போகலாம். குழந்தை இருக்கை இல்லாமல் பயணம் செய்ய டாக்சிக்கு விலக்கு உண்டு, தனியார் வாடகைக் காருக்குக் கிடையாது. செயலியில் பதிவுசெய்யும் அவசரத்தில் இதைக் கவனிக்காமல், வந்த காரைத் திருப்பி அனுப்ப நேர்கிறது.

கையில் சுகாதாரக் கையேடு, இரண்டு டயப்பர், ஒரு வேளைப் பால். அவசரப் பிரிவில் நுழைந்ததும் தாதியிடம் முதல் வாக்கியத்திலேயே வயதை நாள் கணக்கில் சொல்லுங்கள்: "பிறந்து பன்னிரண்டு நாள், 38.2 டிகிரி, இரண்டு வேளையாகப் பால் குடிக்கவில்லை." தடிப்பு முதலில் எப்போது, எங்கே வந்தது என்பதற்கு நேரத்தோடு எடுத்த படம் உதவும். பனிக்குடம் உடைந்து 18 மணி நேரத்துக்கு மேல் கழித்துப் பிறந்ததா, பிரசவத்தின்போது தாய்க்குக் காய்ச்சல் இருந்ததா, வீட்டில் யாருக்காவது வாய்ப்புண், அம்மை, காய்ச்சல் உண்டா என்று கேட்பார்கள். தாய்க்குப் பிறப்புறுப்பில் எப்போதாவது புண் வந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். மாமியார் பக்கத்தில் இருக்கும்போது சொல்லத் தயக்கமாக இருந்தால், மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்டாலே போதும், ஏற்பாடு செய்வார்கள்.