சிறைப் பயிற்சித் திட்டம் ஒழுங்குமீறலைக் குறைத்ததா என்று கணிக்கும் முறை

சிறையில் தையல், எழுத்தறிவு, போதைமீட்பு என்று ஏதேனும் ஒரு வகுப்பைத் தொடங்கியபின், அதில் சேர்ந்தவர்கள் சண்டை சச்சரவுக்குப் போவதில்லை என்று அறிக்கை எழுதிவிடுவது எளிது. ஆனால் வகுப்புக்குத் தேர்வாகிறவர்கள் பெரும்பாலும் முன்பே நன்னடத்தைப் பெயர் எடுத்தவர்கள் என்பதால், அவர்களை மற்றவர்களோடு ஒப்பிடுவதில் பயனில்லை. விண்ணப்பித்தும் இடம் கிடைக்காமல் காத்திருக்கும் சிறைவாசிகளையே ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். இரு தரப்பினருக்கும் வகுப்புக்கு முந்தைய ஆறு மாதப் பதிவையும் சேர்த்துப் பாருங்கள். சில வாரங்களில் பிணையில் போய்விடக்கூடிய விசாரணைச் சிறைவாசிகளைத் தண்டனைச் சிறைவாசிகளோடு கலக்க வேண்டாம்.

அடுத்தது தண்டனைப் பதிவேடு. 1894-ஆம் ஆண்டின் சிறைகள் சட்டம், பிரிவு 45, சிறைக் குற்றங்களைப் பட்டியலிடுகிறது. தாக்குதலும் அதில் உண்டு, வேலையில் வேண்டுமென்றே சோம்பியிருப்பதும் உண்டு. இரண்டையும் ஒரே எண்ணாகக் கூட்டினால் விடை பொருளற்றதாகிவிடும். ஆகவே வன்முறை, தடைசெய்யப்பட்ட பொருள், கீழ்ப்படியாமை என்று வகை பிரித்து, 100 பேருக்கு மாதம் எத்தனை என்று கணக்கிடுங்கள். "காவலர் சொல்லைக் கேட்கவில்லை" என்ற ஒற்றை வரிப் பதிவு எதற்கும் உதவாது. எந்த நேரம், எந்த இடம், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்பதையும் எழுதச் சொல்லுங்கள். பார்க்க வருவதாகச் சொன்ன குடும்பத்தார் வராமற்போன நாளின் மாலையில் நடந்த தகராறு, அந்த விவரம் இருந்தால்தான் விளங்கும்.

ஆண்கள், பெண்கள் கணக்கைத் தனித்தனியே வைப்பது கட்டாயம். அமெரிக்காவின் டெக்சாஸ் சிறைகளைப் பற்றி 1994-இல் வெளியான ஓர் ஆய்வு, சிறு விதிமீறல்களுக்காகப் பெண்கள் மீது ஆண்களைவிட அதிகமாக நடவடிக்கை எடுக்கப்பட்டதையும், தண்டனையும் கடுமையாக இருந்ததையும் காட்டியது. எனவே பெண்கள் சிறையில் பதிவுகள் மிகுந்திருந்தால், நடத்தையைக் குறை சொல்லுமுன் கண்காணிப்பின் கெடுபிடியைச் சோதிக்க வேண்டும். பிள்ளைகளைப் பிரிந்த வேதனை, முன்பு பட்ட வன்முறை ஆகியவற்றைத் தொடாத வகுப்பு அங்கே பெரிதாக எதையும் மாற்றிவிடும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. பெண் சிறைவாசிகளை நடத்தும் முறை பற்றி ஐ.நா. 2010-இல் ஏற்ற பாங்காக் விதிகள், குடும்பத் தொடர்பைத் தடைசெய்வதை, குறிப்பாகப் பிள்ளைகளோடு உள்ள தொடர்பைத் துண்டிப்பதை, பெண்களுக்குத் தண்டனையாக விதிக்கக் கூடாது என்கின்றன. கருவுற்றோரையும் பாலூட்டும் தாய்மாரையும் தனிமைச் சிறையில் அடைக்கவும் கூடாது.

எந்த வகுப்பைத் தேர்ந்தெடுப்பது? 68 ஆய்வுகளைத் திரட்டி 2006-இல் கனடா ஆய்வாளர்கள் வெளியிட்ட தொகுப்பாய்வில், நடத்தையையும் சிந்தனைப் பழக்கத்தையும் நேரடியாகத் திருத்த முயலும் பயிற்சிகளே கூடுதல் பலன் தந்தன. தையல் மெஷினை நிறுத்தச் சொல்வதற்கில்லை. அதனோடு கோபத்தைக் கையாளும் பயிற்சியையும் இணைக்கலாம். விதியை மீறியவரை உடனே வகுப்பிலிருந்து நீக்கும் வழக்கத்தைக் கைவிடுங்கள். அவருக்குத்தான் அது அதிகம் தேவை. இடையில் நீங்கியவர்களையும் கணக்கில் சேர்த்தே எண்ணுங்கள். இடையே ஜெயிலர் மாறியிருந்தால் அந்தத் தேதியைப் பதிவின் ஓரத்தில் குறித்து வையுங்கள். புதியவரின் கண்டிப்பாலேயே எண்ணிக்கை ஏறியிருக்கலாம்.