ராயபுரத்துப் பாட்டியின் அப்பா யார்? பதிவேட்டில் தேடும் முறை

பிரிட்டிஷ் காலச் சென்னையில் வாழ்ந்த கிறிஸ்தவப் பாட்டியின் தகப்பன் பெயரை ஆலயப் பதிவேடுகளில் தேடுகிறீர்களா? திருமணப் பதிவிலிருந்து தொடங்காதீர்கள், முதலில் ஞானஸ்நானப் பதிவு. புனித ஜார்ஜ் கோட்டையின் புனித மரியாள் ஆலயம் போன்ற ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) ஆலயங்கள் லண்டனுக்கு அனுப்பிய நகல்கள், பிரிட்டிஷ் நூலகத்தில் சென்னை மாகாணத்துக்கான என்/2 வரிசையில் இருக்கின்றன. ராயபுரம், ஜார்ஜ் டவுன் கத்தோலிக்கக் குடும்பங்கள் பல அதில் சிக்காது. அவர்களுக்குப் பங்கு ஆலயத்தின், அதாவது அவர்கள் பகுதிக்கான ஆலயத்தின், மூல ஏடுதான் கதி. நகலில் பெயர் பிழைபட்டிருக்கலாம். முடிந்தவரை மூலத்தோடு ஒப்பிடுங்கள்.

'நேச்சுரல் டாட்டர்' என்று எழுதியிருந்தால், மணமாகாத பெற்றோரின் மகள். லத்தீன் ஏட்டில் 'லெஜித்திமா' என்றால் முறைப்படி மணந்தவர்களின் மகள். ஒரே நாளில் மூன்று பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் நடந்திருந்தால் பிறந்த தேதியைத் தனியே பாருங்கள். பெற்றோரின் திருமணம் மூத்த பிள்ளைக்குப் பிறகும் நடந்திருக்கலாம். அந்தப் பிள்ளை பிறந்ததற்குப் பத்து வருடம் முன்னும் பின்னும் தேடுங்கள்.

பலர் வழுக்கி விழும் இடம் திருமணப் பதிவில் உள்ள மணமகளின் குடும்பப் பெயர். சிப்பாய்களின் விதவைகள் சில மாதங்களிலேயே மறுமணம் செய்ததுண்டு. 'விதவை' என்றிருந்தால் அந்தப் பெயர் பெரும்பாலும் அப்பாவுடையதல்ல, முந்தைய கணவருடையது. அதைத் தகப்பன் பெயராக எடுத்துக்கொண்டால் வம்ச மரமே வேறு வீட்டில் முளைத்துவிடும். அந்தக் கணவரின் அடக்கப் பதிவு, பிறகு அவருடன் நடந்த திருமணம் என்று பின்னோக்கிப் போங்கள். சாட்சிக் கையெழுத்தையும் விடாதீர்கள். சில சமயம் அண்ணனோ மைத்துனரோ இருப்பார்.

தகப்பன் பெயர் எங்கும் இல்லையா? உயில்களைப் புரட்டுங்கள். ஏட்டில் மறைத்த பிள்ளைக்கு அங்கே சொத்தில் பங்கு எழுதியிருக்கலாம்.