கிராம் ஸ்டெய்ன்: தயிரையும் பல் அழுக்கையும் வைத்து முதல் பாடம்

டி.எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பப் பட்டயப் படிப்பு) முதலாமாண்டுப் பிள்ளைகள் ஆய்வகத்துக்குப் பயிற்சிக்கு வந்தால், முதல் வாரம் நோயாளியின் சளியையோ சீழையோ நான் தொடவிடுவதில்லை. கொஞ்சம் தயிர், ஒரு பல்குச்சி, ஒரு ஸ்லைடு. இவ்வளவுதான் கையில் கொடுப்பேன். பாக்டீரியாத் தொற்று என்று சந்தேகித்து அனுப்பப்படும் மாதிரிகளில் முதலில் செய்யும் சோதனை கிராம் ஸ்டெய்ன், அதாவது பாக்டீரியாவுக்குச் சாயமேற்றி அதன் நிறத்தையும் வடிவத்தையும் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. அதைப் பழக இவையே போதும். பாக்டீரியாவை வளர்த்துப் பார்க்கும் கல்சர் முடிவு வர ஒன்றிரண்டு நாள் ஆகும். கிராம் ஸ்டெய்ன் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். "ஏதாவது தெரிஞ்சுதா?" என்று வார்டிலிருந்து போன் வரும்போது நம் கையில் இருப்பது இது ஒன்றுதான்.

வேண்டியவை

நான்கு பாட்டில்கள்: கிரிஸ்டல் வயலெட், கிராம் அயோடின், நிறம் நீக்க அசிட்டோன் கலந்த ஆல்கஹால், கடைசியாக சாஃப்ரனின். இவற்றோடு ஸ்பிரிட் விளக்கு, லூப் (நுனியில் வளையம் உள்ள கம்பி), வடிதாள், 100 மடங்கு லென்ஸ் உள்ள மைக்ராஸ்கோப், அந்த லென்ஸுக்கும் ஸ்லைடுக்கும் நடுவே விடும் இம்மர்ஷன் ஆயில். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கிரிஸ்டல் வயலெட் விரலில் பட்டால் தேர்தல் மை மாதிரி நாள் கணக்கில் நிற்கும். நிறநீக்கி தீப்பற்றும் என்பதால், விளக்கை அணைத்த பிறகே அந்தப் பாட்டிலைத் திறக்க வேண்டும்.

தொடங்கும் முன் அயோடின் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கடுங்காப்பி நிறத்தில் இருந்தால் சரி. வெளிறி மஞ்சளாகியிருந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகத் தயாரியுங்கள்: 1 கிராம் அயோடின், 2 கிராம் பொட்டாசியம் அயோடைடு, 300 மில்லி தண்ணீர். இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்று பின்னால் சொல்கிறேன்.

ஸ்மியர் போடுவது

ஸ்மியர் என்றால் ஸ்லைடில் மெல்லிதாகப் பரப்பிய மாதிரி. ஸ்லைடின் இடது பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். அதில் லூப் நுனியளவு தயிரைக் கலந்து, ஐந்து ரூபாய் நாணய அளவுக்குப் பரப்புங்கள். வலது பக்கம் இன்னொரு சொட்டு. ஈறு ஓரத்தைப் பல்குச்சியால் மெதுவாகச் சுரண்டி, வந்த அழுக்கை அதில் கலக்குங்கள். கன்னத்தின் உட்புறத்தையும் ஒரு முறை தேய்த்துச் சேர்த்துவிடுங்கள். இரண்டு ஸ்மியரும் ஒன்றோடொன்று ஒட்டக்கூடாது.

புதியவர்கள் எல்லாரும் முதலில் தடிமனாகத்தான் போடுவார்கள். நிறைய வைத்தால் நிறையத் தெரியும் என்ற நினைப்பு. காய்ந்த ஸ்மியரைச் செய்தித்தாள் மேல் வைத்துப் பாருங்கள். அடியில் உள்ள எழுத்தைப் படிக்க முடிய வேண்டும். முடியவில்லையா, கழுவிவிட்டு மறுபடி போடுங்கள்.

தானாகக் காய விடுங்கள், ஊதாதீர்கள். காய்ந்ததும் ஸ்மியர் மேலே இருக்கும்படி பிடித்து, சுடரின் ஊடாக மூன்று முறை கடத்துங்கள். பிறகு ஸ்லைடின் அடிப்பக்கத்தைப் புறங்கையில் வைத்தால் சூடு பொறுக்கும்படி இருக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போதே சூடு காட்டினால் செல்கள் வெந்து உருக்குலைந்துவிடும்.

சாயமேற்றல்

கிரிஸ்டல் வயலெட்டை ஸ்மியர் மூழ்க ஊற்றி 1 நிமிடம். கழுவுங்கள். கிராம் அயோடின் 1 நிமிடம். கழுவுங்கள். குழாயை நேராக ஸ்மியர் மேல் திறந்துவிட்டால் ஸ்மியரே சாக்கடைக்குப் போய்விடும். ஸ்லைடைச் சாய்த்துப் பிடித்து, மேல் விளிம்பிலிருந்து தண்ணீர் மெல்ல வழியும்படி விடுங்கள்.

இந்த நிலையில் ஸ்லைடில் உள்ள எல்லாமே ஊதாவாகத்தான் இருக்கும். சாயமும் அயோடினும் செல்லுக்குள் சேர்ந்து பெரிய கட்டிகளாகிவிட்டன. இனி எது அதை விடும், எது விடாது என்பதுதான் சோதனை. விடாமல் ஊதாவாகவே நிற்பவை கிராம் பாசிட்டிவ், விட்டுவிடுபவை கிராம் நெகட்டிவ்.

அடுத்த படி நிறநீக்கம். இங்கே போனை எடுக்காதீர்கள், பக்கத்தில் இருப்பவரிடம் பேசாதீர்கள். ஸ்லைடைச் சாய்த்து, நிறநீக்கியைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஊதா நிறம் வழிந்து ஓடும். வழிவது நிறமற்றுப் போன அந்தக் கணமே தண்ணீரில் கழுவி நிறுத்துங்கள். வெறும் அசிட்டோன் என்றால் இரண்டு மூன்று வினாடிகளிலேயே முடிந்துவிடும்; 95 சதவீத ஆல்கஹால் என்றால் பத்து இருபது வினாடி பிடிக்கும். ஸ்மியர் தடிமனாக இருந்தால் கணக்கே மாறிவிடும். அதனால் கடிகாரத்தைப் பார்க்காமல் வழியும் நிறத்தைப் பாருங்கள்.

உள்ளே நடப்பது இதுதான். கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாவின் செல் சுவரில் பெப்டிடோகிளைக்கன் அடுக்கு தடிமனாக இருக்கும். ஆல்கஹால் பட்டதும் அது நீரிழந்து சுருங்க, சாயக் கட்டி வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும். கிராம் நெகட்டிவில் அந்த அடுக்கு மெல்லியது. அதற்கு வெளியே கொழுப்புள்ள ஒரு சவ்வு. ஆல்கஹால் அந்தக் கொழுப்பைக் கரைத்துவிட, சாயம் ஒழுகிவிடும். ஆனால் அளவுக்கு மேல் ஊற்றினால் கிராம் பாசிட்டிவும் தோற்றுவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

கடைசியாக சாஃப்ரனின், 30 வினாடி முதல் 1 நிமிடம். ஊதாவை இழந்தவை இதில் இளஞ்சிவப்பாகும். கழுவி, வடிதாளால் ஒற்றி எடுங்கள்; தேய்க்காதீர்கள்.

முதலில் இரண்டு சாட்சிகளை விசாரியுங்கள்

10 மடங்கு லென்ஸில் ஸ்மியரைக் கண்டுபிடித்து, மெல்லிய பகுதி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒரு சொட்டு ஆயில் விட்டு 100 மடங்கு லென்ஸைத் திருப்புங்கள். ஸ்லைடுக்கு அடியில் ஒளியைக் குவிக்கும் கண்டென்சரை மேலே ஏற்றி, ஒளியளவைக் கட்டுப்படுத்தும் டயஃப்ரமை நன்றாகத் திறங்கள். வழியில் 40 மடங்கு லென்ஸை ஆயிலில் முக்கிவிடாதீர்கள். எந்த ஆய்வகத்திலும் அதற்குத் திட்டு நிச்சயம்.

பாக்டீரியாவைத் தேடும் முன் வலது பக்கம் அகலமாகக் கிடக்கும் எபிதீலியல் செல்லை, அதாவது கன்னத்தின் உட்புறத்திலிருந்து வந்த செல்லைப் பாருங்கள். நடுவில் இருக்கும் அதன் உட்கருதான் முதல் சாட்சி. அது இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். ஊதாவாக இருந்தால் நிறம் சரியாக நீங்கவில்லை என்று பொருள். அந்த இடத்தில் எந்த பாக்டீரியாவின் நிறத்தையும் நம்ப முடியாது. உண்மையில் இந்த முறை பிறந்ததே இதற்காகத்தான். டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம், 1884-இல் பெர்லினில், நிமோனியாவால் இறந்தவர்களின் நுரையீரல் திசுவில் பாக்டீரியாவைத் தனித்துக் காட்ட வழி தேடிக்கொண்டிருந்தார். திசு நிறமிழக்க வேண்டும், பாக்டீரியா நிறத்தோடு நிற்க வேண்டும். அவருக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான். டைஃபாய்டு பாக்டீரியா நிறமிழப்பதையும் அவர் குறித்திருக்கிறார். ஆனால் அப்படி இழப்பதே உலகத்து பாக்டீரியாக்களை இரண்டாகப் பிரிக்கும் கோடாக மாறும் என்று அன்றைக்கு யார் கண்டார்கள்! சாஃப்ரனின்கூடப் பிற்பாடு மற்றவர்கள் சேர்த்ததுதான்.

இரண்டாவது சாட்சி, இடது பக்கத் தயிர். லாக்டோபேசிலஸ் கோல்களும், சங்கிலியாக நிற்கும் உருண்டைகளும் அடர் ஊதாவாகத் தெரிய வேண்டும். அவற்றைவிடப் பெரிய முட்டை வடிவம் ஏதாவது ஊதாவாகக் கிடந்தால் அது ஈஸ்ட். தயிரே இளஞ்சிவப்பாகிவிட்டால், நிறத்தை அளவுக்கு மீறி நீக்கியிருக்கிறீர்கள். அல்லது அயோடின் செத்துப்போயிருக்கிறது.

நான் பயிற்சியில் இருந்தபோது ஒரு சீழ் மாதிரியைப் பார்த்து "கிராம் நெகட்டிவ் காக்கை" என்று எழுதிவிட்டேன். காக்கை என்றால் பறவை இல்லை. உருண்டை பாக்டீரியாவை ஆய்வகங்களில் அப்படித்தான் சொல்வோம். சீழ் செல்களின் உட்கரு அழகாக இளஞ்சிவப்பாகத்தான் இருந்தது. மூத்த டெக்னீஷியன் அக்கா ஸ்லைடைப் பார்த்துவிட்டு, "தம்பி, திராட்சைக் கொத்து மாதிரி நிக்குது, நெகட்டிவ்ங்கிற? அந்த அயோடின் பாட்டிலை எடு" என்றார். மூடி தளர்ந்து கிடந்தது. உள்ளே இருந்தது கிட்டத்தட்ட எலுமிச்சை ஜூஸ் நிறம். புது அயோடினில் மறுபடி செய்தபோது கொத்துகள் எல்லாம் ஊதா. மறுநாள் கல்சர் பிளேட்டில் வளர்ந்தது ஸ்டாஃபிலோகாக்கஸ், அது கிராம் பாசிட்டிவ். அதிலிருந்து நான் ஒரு சாட்சியை மட்டும் நம்புவதில்லை. ஆய்வகத்தில் தயிருக்குப் பதிலாக ஸ்டாஃபிலோகாக்கஸ் ஒரு முனையிலும் கிராம் நெகட்டிவான ஈ.கோலை மறுமுனையிலும் போட்ட கன்ட்ரோல் ஸ்லைடை நோயாளியின் ஸ்லைடோடு சேர்த்தே சாயமேற்றுவோம்.

சாட்சிகள் ஒத்துப்போனால், இப்போது பல் அழுக்கைத் தாராளமாகப் பாருங்கள். ஊதா உருண்டைகள், இளஞ்சிவப்புக் கோல்கள், இரு முனையும் கூர்த்த மெல்லிய ஊசிகள் என்று ஒரு சந்தையே இருக்கும். வடிவம் ஒழுங்கில்லாமல், ஃபோகஸைத் திருப்பும்போது வேறு தளத்தில் மினுங்கும் கரு ஊதாத் துகள்கள் பாக்டீரியா அல்ல, சாயக் கசடு. சாயத்தை வடிகட்டினால் போய்விடும்.

நோயாளியின் மாதிரிக்கு வரும்போது

சளி என்றால் முதலில் 10 மடங்கு லென்ஸிலேயே நின்று எண்ணுங்கள். ஒரு பார்வைப் புலத்தில் சீழ் செல்கள் 25-க்கு மேலும் எபிதீலியல் செல்கள் 10-க்குக் கீழும் இருந்தால் நல்ல மாதிரி. எபிதீலியல் செல்கள் மண்டிக் கிடந்தால் வந்திருப்பது எச்சில். ஆழ்ந்து இருமித் துப்பச் சொல்லி வேறு மாதிரி கேளுங்கள். சுழற்றாத சிறுநீரில் ஆயில் லென்ஸ் புலத்துக்கு ஒரு பாக்டீரியா தெரிந்தால், மில்லிக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் இருக்கிறது என்று பொருள்.

அறிக்கையில் பாக்டீரியாவின் பெயரை எழுதும் ஆசையை அடக்குங்கள். கண்ணில் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள்: "சீழ் செல்கள் ஏராளம்; கொத்தாக கிராம் பாசிட்டிவ் காக்கை." இதுவே மருத்துவருக்குப் பெரிய உதவி. வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் கிராம் நெகட்டிவின் வெளிச் சவ்வைத் தாண்டாது. ஆகவே இளஞ்சிவப்புக் கோல் என்று நாம் சொன்னால், அந்த மருந்தை மட்டும் நம்பி யாரும் இருக்க மாட்டார்கள். ஏற்கெனவே ஆன்டிபயாட்டிக் எடுத்தவரின் மாதிரியிலும், 24 மணி நேரத்தைத் தாண்டிய பழைய கல்சரிலும் கிராம் பாசிட்டிவ் நிறமிழந்து ஏமாற்றும். காசநோய்க் கிருமி மெழுகுச் சுவர் உள்ளது, இந்தச் சாயத்தில் சரியாகப் பிடிபடாது. அதற்கு ஜீல் நீல்சன் சாயம் தனியாகச் செய்ய வேண்டும்.

ஸ்லைடைப் பார்த்து முடித்ததும் தூக்கி எறியாதீர்கள். ஆயிலை ஒற்றி எடுத்து, எண் எழுதி, கல்சர் முடிவு வரும்வரை பெட்டியில் வையுங்கள். நாளைக்குப் பிளேட்டில் வளர்ந்திருப்பது நீங்கள் எழுதியதோடு ஒத்துப்போகாவிட்டால், அதே ஸ்லைடை எடுத்து எபிதீலியல் செல்லின் உட்கரு என்ன நிறம் என்று மறுபடி பாருங்கள்.