டீமில் ஃபீட்பேக் பழக்கம்: டீம் லீட் முதலில் கேட்க வேண்டும்

ஆண்டு இறுதி அப்ரைசலில் ரேட்டிங்கோடு வரும் இரண்டு வரியைத் தவிர வேறு ஃபீட்பேக்கே பார்க்காத, ஆறு முதல் பத்துப் பேர் கொண்ட சாஃப்ட்வேர் டீமுக்கான வழி இது.

1. கேட்பது

பெரும்பாலான டீம்கள் சறுக்குவது இங்கேதான். லீட் "ஏதாவது ஃபீட்பேக் இருக்கா?" என்று கேட்டால் "எல்லாம் ஓகே சார்" என்றுதான் பதில் வரும். எவ்வளவு தூரம் போய்ப் பேசலாம் என்பது தெரியாமல், இன்கிரிமென்ட்டைத் தீர்மானிப்பவரிடம் யார் வாயைத் திறப்பார்கள்? கேள்வியைக் குறுக்குங்கள்: "நேத்து பிளானிங் மீட்டிங்கை நான் நடத்தின விதத்துல ஒண்ணை மாத்தணும்னா எதை மாத்தலாம்?" கேட்கப்போவதை முந்தின நாளே சொல்லிவையுங்கள்.

பதில் வந்ததும் குறித்துக்கொண்டு நன்றி சொல்லுங்கள். அவ்வளவுதான். "அன்னைக்கு கிளையன்ட் கால் இருந்துச்சு, அதான்..." என்று ஆரம்பித்தால் அடுத்த முறை பதிலே வராது. ஒரு வாரத்துக்குள் ஒன்றையாவது மாற்றி, மாற்றியதை எல்லார் முன்னிலும் சொல்லுங்கள். ஏற்க முடியாத யோசனை என்றால் காரணத்தை மறுநாள் சொல்லலாம்.

இப்படி ஓரிரு மாதம் போகட்டும். அதற்கு முன் மற்றவர்களை ஒருவருக்கொருவர் ஃபீட்பேக் சொல்லச் சொல்லாதீர்கள்.

2. சொல்வது

சூழல், செயல், விளைவு என்ற வரிசை போதும். "நீங்க கேர்லெஸ்" வேண்டாம். "செவ்வாய்க்கிழமை ரிலீஸ்ல டெஸ்ட் ஓட்டாம கோடை மெர்ஜ் பண்ணிட்டீங்க, சப்போர்ட் டீம் ராத்திரி பழைய வெர்ஷனுக்கு ரோல்பேக் பண்ண வேண்டியதாச்சு." இதைத் தனியாக, இரண்டு நாளுக்குள் சொல்லிவிட வேண்டும்.

க்ளூகர், டெனிசி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1996இல் வெளியிட்ட தொகுப்பாய்வில் (பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்ப்பது), மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான நேர்வுகளில் ஃபீட்பேக்குக்குப் பின் செயல்திறன் குறைந்தே இருந்தது. கவனம் வேலையை விட்டு ஆளின் மேல் திரும்பும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். பாராட்டு, குறை, மறுபடி பாராட்டு என்று அடுக்கும் 'சாண்ட்விச்' முறையும் வேண்டாம். பாராட்டினாலே அடுத்து என்ன வருமோ என்று ஆள் பயப்படுவார்.

3. ரெட்ரோ

ரெட்ரோ என்பது முடிந்த வேலையை டீமே திரும்பிப் பார்த்து, எதை மாற்றலாம் என்று பேசும் மீட்டிங். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, 45 நிமிடம். முதல் 7 நிமிடம் யாரும் பேசாமல் எழுத வேண்டும். சீனியர் வாயைத் திறந்துவிட்டால் மற்றவர்கள் அதையே வழிமொழிவார்கள். எழுதியவற்றில் எதைப் பேசலாம் என்பதற்கு ஆளுக்கு 3 ஓட்டு. அதிக ஓட்டு வாங்கிய இரண்டை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு தேதி. அடுத்த ரெட்ரோ இந்த இரண்டும் என்ன ஆயின என்பதில்தான் தொடங்க வேண்டும். தனிப்பட்ட ஆளின் தவறு இங்கே வரக்கூடாது. ஸ்டிக்கி நோட்டும் மார்க்கரும் தாராளம். காசு கட்டி ஆப் வாங்காதீர்கள்.

பின்சேர்க்கை: ஃபீட்பேக்கைப் பெயரில்லாமல் கூகுள் ஃபார்மில் வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். இவ்வளவு சின்ன டீமில் எழுத்து நடையே ஆளைக் காட்டிக்கொடுக்கும். மின்னஞ்சல் சேகரிப்பை அணைத்தாலும், பதில்கள் விழும் ஷீட்டில் நேரம் பதிவாகும். வேறு வழியில்லை என்றால் டீமுக்கு வெளியே ஒருவர் பதில்களை வாங்கி, நேர நெடுவரிசையை நீக்கி, வரிசையைக் கலைத்து, சாரத்தை மட்டும் லீடிடம் கொடுக்கட்டும்.