ஆஸ்பெர்கராக இருக்குமோ என்று தோன்றினால் முதலில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள்

எங்கள் வீட்டில் கொலுசு வேலை. சேலம் செவ்வாய்ப்பேட்டை வியாபாரி வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார், கொலுசாகத் திரும்பும்போது மறுபடியும் எடை போடுவார். நடுவில் எவ்வளவு குறைந்தது, ஏன் குறைந்தது என்பது நோட்டில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சு அங்கே செல்லாது. மகளுக்கு ஆஸ்பெர்கராக இருக்குமோ என்று (பேச்சு நன்றாக வந்தாலும் மற்றவர்களோடு பழகுவது சிரமமாக இருக்கும் ஒரு வகை ஆட்டிசம்) ஆஸ்பத்திரி, பள்ளி என்று மூன்று வருடம் அலைந்தபோது அங்கேயும் இதே கதைதான்.

கொலுசுக்காரர் வீட்டுப் பெண் காலில் கொலுசு கிடையாது. சலங்கைச் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்வாள். ஆனால் தினமும் காலையில் வெள்ளி விலையைப் பார்த்து வைத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்வாள். பேச்சு பெரியவர்கள் மாதிரி இருக்கும், கண்ணைப் பார்க்க மாட்டாள். "நல்லாத்தானே இருக்குது புள்ள" என்றார் மாமியார். இரண்டாம் வகுப்பில் ஒரு டீச்சர் கோபத்தில் "இந்தப் பக்கமே வராதே" என்று சொல்லிவிட்டார். இரண்டு நாள் வகுப்புக்குள் போகாமல் வராந்தாவில் நின்றிருக்கிறாள். ஏன் என்று கேட்டதற்கு, "வராதேன்னு சொன்னாங்கம்மா" என்றாள். அன்றைக்குத்தான் நோட்டு வாங்கினேன்.

அதில் "பிடிவாதம் அதிகம்" என்றெல்லாம் எழுதாதீர்கள். அது நம் தீர்ப்பு, டாக்டருக்கு உதவாது. நடந்ததை எழுதுங்கள். என் நோட்டில் ஒரு நாள்: "ஜூன் 14. பள்ளியில் பிரேயர் நடக்கும் இடத்தை மாற்றிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் 40 நிமிடம் கட்டிலுக்கு அடியில். காரணம் ராத்திரி 9 மணிக்குத்தான் சொன்னாள்." தேதி, என்ன நடந்தது, எவ்வளவு நேரம், எப்படி அடங்கியது. இவ்வளவு போதும். நல்லபடியாகப் போன நாட்களையும் எழுத வேண்டும், எது அவளுக்கு ஒத்துக்கொள்கிறது என்று அதில்தான் தெரியும். கடைசிப் பக்கத்தில் சின்ன வயது விவரங்கள்: எப்போது பேச்சு வந்தது, கூப்பிட்டால் திரும்பினாளா, மற்ற பிள்ளைகளோடு எப்படி விளையாடினாள். டாக்டர் இதைக் கட்டாயம் கேட்பார். பழைய போனில் வீடியோ இருந்தால் அழித்துவிடாதீர்கள்.

பெண் குழந்தை என்றால் இன்னும் கவனம் வேண்டும். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து அதே மாதிரி சிரித்துச் சமாளித்துவிடுகிறார்கள். "அமைதியான பொண்ணு" என்று ரிப்போர்ட் கார்டில் எழுதிவிடுவார்கள். அந்த அமைதிக்கான வட்டியை வீட்டில் நாம் கட்டுவோம்.

பெயர் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆஸ்பெர்கர் என்று தனியாக இப்போது எழுத மாட்டார்கள். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013-லேயே அதை ஆட்டிசம் ஸ்பெக்ட்ரத்துக்குள் சேர்த்துவிட்டது. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலும் அப்படித்தான். நம் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளிலும் இருப்பது ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம்தான். அதனால் "ஆஸ்பெர்கர்னு எழுதுங்க" என்று டாக்டரிடம் மல்லுக்கட்ட வேண்டாம். அரசுத் தாள்களில் "புற உலகச் சிந்தனையற்றோர்" என்று வரும். முதல் தடவை படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இங்கே வெள்ளி விலை ஏறினால் ஊருக்கே சொல்கிறவள் அவள்.

போகும் வரிசை இதுதான். முதலில் குழந்தை டாக்டர். அவர் காது பரிசோதனை எழுதினால் "காது நல்லாத்தான் கேட்குது" என்று தட்டாமல் செய்துவிடுங்கள். அதன்பிறகு மனநல மருத்துவரும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டும். தனியாரிடம் போனால், சைக்காலஜிஸ்ட்டுக்கு ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. பலர் வேலூர் சி.எம்.சி.க்கும் பெங்களூரு நிம்ஹான்ஸுக்கும் போகிறார்கள். எங்கே போனாலும் வரிசையில் ஒருவர் நிற்கட்டும், இன்னொருவர் பிள்ளையோடு கூட்டமில்லாத இடத்தில் இருக்கட்டும். இரண்டு மணி நேரச் சத்தத்துக்குப் பிறகு உள்ளே போகிற பிள்ளை வேறு பிள்ளை.

ஏற்காட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நாகலூரில் இருக்கும் என் நாத்தனார் தன் பையனைக் காலை பஸ்ஸில் இறக்கிக்கொண்டு வந்தார். 20 கொண்டை ஊசி வளைவும் முடிவதற்குள் இரண்டு தடவை வாந்தி. அவன் அன்றைக்கு ஒரு கேள்விக்கும் வாய் திறக்கவில்லை. முந்தின நாள் சாயங்காலமே இறங்கி, சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டுப் போங்கள்.

பரிசோதனையில் நான் செய்த தப்பை நீங்கள் செய்யாதீர்கள். நம் நாட்டில் ஆட்டிசத்துக்கென்று ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற அளவுகோல் உண்டு. 40 விஷயங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டினால் 70-க்குக் கீழே இருந்தால் ஆட்டிசம் இல்லை என்று கணக்கு. பிள்ளையைப் பார்ப்பதோடு நம்மையும் கேட்டுத்தான் போடுவார்கள். "மத்த பிள்ளைங்களோட சேருவாளா?" என்றார்கள். நான் பொண்ணு பார்க்க வந்தவர்களிடம் பேசுகிற மாதிரி, "நல்லா சேருவாங்க" என்றேன். அவள் சேருவது சித்தப்பா மகள் ஒருத்தியோடு, அதுவும் அவள் சொல்கிற விளையாட்டு மட்டும். இப்படியே பெருமையாகச் சொல்லிக்கொண்டே போனதில் மதிப்பெண் 70-ஐத் தொடவில்லை. ஏழு மாதம் கழித்து நோட்டோடு மறுபடி போனோம். இந்தத் தடவை நான் பேசவில்லை, நோட்டைப் படித்தேன். பிள்ளையின் நல்ல நாளை மட்டும் சொல்லாதீர்கள், மோசமான நாளை மட்டும் சொல்லாதீர்கள். சாதாரணச் செவ்வாய்க்கிழமை எப்படிப் போகிறதோ அதைச் சொல்லுங்கள்.

நடுவில் "முழுசா குணமாக்கிடலாம்" என்று பொடியும் எண்ணெயும் விற்கிறவர்கள் வருவார்கள். இது நோய் இல்லை, மூளை வேலை செய்கிற விதமே அப்படி. அந்தக் காசை நல்ல பேச்சுப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு யு.டி.ஐ.டி. என்ற அரசு அடையாள அட்டைத் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆதார், போட்டோ, முகவரிச் சான்று வேண்டும். அரசு ஆஸ்பத்திரி மருத்துவக் குழு பார்த்துச் சதவீதம் போடும். 40 சதவீதமும் அதற்கு மேலும் என்றால்தான் பெரும்பாலான சலுகைகள். மற்ற உதவிகளுக்குக் கலெக்டர் ஆபீசில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தைக் கேளுங்கள். நிராமயா என்ற அரசு மருத்துவக் காப்பீட்டையும் விசாரியுங்கள், ஒரு லட்சம் ரூபாய் வரை. சான்றிதழ் எடுத்தால் கல்யாணம் நின்றுவிடும் என்று மாமியார் அழுதார். அவளுக்கு அப்போது எட்டு வயது. அத்தையிடம், "கல்யாணம் வரட்டும் அத்தை, முதல்ல மூணாம் வகுப்பு போகட்டும்" என்றேன்.

பள்ளியில் கேட்க வேண்டியதைக் கேட்பதற்குச் சான்றிதழ் வரும்வரை காத்திருக்காதீர்கள். தலைமையாசிரியருக்குக் கடிதமாக எழுதி, இன்னொரு நகலில் தேதியோடு கையெழுத்தும் பள்ளி சீலும் வாங்கிக்கொள்ளுங்கள். "என் மகளைக் கவனித்துக்கொள்ளவும்" என்று எழுதினால் கவனிப்பது யார், எப்படி? நான் கேட்டது நாலே நாலு: மணி அடிக்கும் இடத்துக்குத் தள்ளி இருக்கை, டைம் டேபிள் மாறினால் முதல் நாளே டைரியில் குறிப்பு, சத்தம் தாங்காதபோது நூலகத்தில் பத்து நிமிடம் உட்கார அனுமதி, சொல்வதைச் சுருக்கமாகப் போர்டிலும் எழுதுவது. இதில் எதற்கும் காசு செலவில்லை. முதல் பள்ளியில் "ஒருத்திக்காக மாத்த முடியாதுங்க" என்றார்கள். 2016 சட்டத்தின் 16-ஆம் பிரிவு, அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளும் பிள்ளையின் தேவைக்கேற்ற வசதி செய்துதர வேண்டும் என்கிறது. மெட்ரிக் பள்ளியும் இதில் அடங்கும். அடுத்த கடிதத்தில் அந்த ஒரு வரியைச் சேர்த்தேன். சண்டை போடவில்லை.

அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர் இருப்பார், அவரைப் பார்க்கக் கேளுங்கள். பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் உண்டு. பள்ளி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்பு டிசம்பரில் ஓடாமல் ஒன்பதாம் வகுப்பிலேயே பேசி வையுங்கள்.

ஒவ்வொரு ஜூனிலும் டீச்சர் மாறுவார், பழையவருக்குச் சொன்னது புதியவருக்குப் போகாது. அதனால் பள்ளி திறக்கும் முன்பே ஒரே ஒரு பக்கம் எழுதிக் கையில் கொடுத்துவிடுகிறேன். இந்த வருடம் கொடுத்தது இப்படி முடிகிறது: "சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்வாள், அதனால் கோபத்தில் 'வெளியே போ' என்று சொல்ல வேண்டாம், போய்விடுவாள். கண்ணைப் பார்க்காவிட்டாலும் காது கேட்டுக்கொண்டிருக்கும். காலையில் வந்ததும் வெள்ளி விலை சொல்வாள். ஒரு தடவை கேட்டுக்கொண்டால் போதும், அன்றைக்கு மறுபடி சொல்ல மாட்டாள்."