ரோமில் இரண்டரை நாள்: பழைய இடங்களைப் பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சித்தப்பா மகன் அலுவலக வேலையாக ஜெர்மனி போகிறான். திரும்பும் வழியில் ரோமுக்கு இரண்டரை நாள் ஒதுக்கியிருக்கிறான். பார்க்க வேண்டிய இடங்கள் என்று ஒரு பட்டியல் போட்டு எனக்கு அனுப்பினான். எண்ணிப் பார்த்தேன், 21 இடம். கொலோசியத்துக்கு 45 நிமிடம், பழைய ரோமின் பொதுச் சதுக்கமான ரோமன் ஃபோரத்துக்கு அரை மணி, குவிமாடக் கோயிலான பாந்தியனுக்குப் பத்து நிமிடம். உடனே போன் போட்டு, "தம்பி, இதில் பாதியை அடித்துவிடு" என்றேன். அவனிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதல் தடவை போனபோது நானும் இப்படித்தான் ஓடினேன். ஃபோரத்தை 20 நிமிடத்தில் கடந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து படங்களைப் பார்த்தால் எந்தத் தூண் எந்தக் கோயிலுடையது என்று சொல்லத் தெரியவில்லை. அடுத்த தடவை ஒரு முழுக் காலையை அங்கேயே செலவழித்தேன். ரோம் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய ஊர். கோயிலுக்குள் தேவாலயம் இருக்கும், கிடங்கின்மேல் மண்டபம் இருக்கும். நடந்துகொண்டே பார்த்தால் இடிந்த கல் மட்டும்தான் தெரியும். நின்று பார்த்தால் அடுக்கு தெரியும். மற்ற தவறுகளில் பாதி, இடங்களின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்வதிலிருந்து வருகிறது.

கொலோசியத்துக்கு அங்கே போய் டிக்கெட் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பது அடுத்த பெரிய தவறு. நுழைவு நேரம் குறித்த டிக்கெட்தான் தருகிறார்கள். அதிகாரப்பூர்வத் தளத்தில் ஏறக்குறைய ஒரு மாதத்துக்கு முன்பிருந்து விற்பனை தொடங்கும், நல்ல நேரங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். அரங்கத்தின் அடித்தளத்துக்கு இறங்கும் டிக்கெட் இன்னும் வேகமாகத் தீரும். டிக்கெட்டில் பெயர் இருக்கும். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே கொடுங்கள், பாஸ்போர்ட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். நம் ஊர்க்காரர்கள் தந்தை பெயரா குடும்பப் பெயரா என்று குழம்புவது இந்த இடத்தில்தான். தெருவில் நின்று "வரிசை இல்லாமல் உள்ளே விடுகிறோம்" என்று கூப்பிடுகிறவர்களிடம் வாங்கினால் இரண்டு மடங்கு விலை கொடுக்க நேரலாம். மாதத்தின் முதல் ஞாயிறு அனுமதி இலவசம்தான். ஆனால் இரண்டரை நாள்தான் இருக்கிறது என்றால், அந்த வரிசையில் அரை நாளைத் தொலைப்பது நஷ்டம்.

அதே டிக்கெட்டில் ரோமன் ஃபோரமும் பாலடைன் குன்றும் அடக்கம். இது தெரியாமல் கொலோசியத்தைப் பார்த்த கையோடு மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடுகிறவர்கள் நிறைய. என்னைக் கேட்டால், கொலோசியத்தைவிட ஃபோரம்தான் முக்கியம்.

கொலோசியத்தையும் வெளியிலிருந்தே கொஞ்ச நேரம் பாருங்கள். கி.பி. 80-ல் பேரரசர் டைட்டஸ் காலத்தில் திறந்த அரங்கம். கீழ்த்தளத்தில் 80 வளைவு வாசல்கள் இருந்தன, அவற்றில் 76-க்கு மேலே எண் செதுக்கியிருந்தார்கள். பார்வையாளர் தன் வாசல் எண்ணைப் பார்த்துதான் உள்ளே போவார். வடக்குப் பக்கம் அந்த எண்கள் இன்னும் தெரிகின்றன. சுவரெல்லாம் ஓட்டை ஓட்டையாக இருப்பதைப் பார்த்து, ஏதோ போரில் அடிபட்டது என்று பலர் நினைக்கிறார்கள். கற்களைச் சேர்த்துப் பிடித்திருந்த இரும்புப் பிடிகளை இடைக்காலத்தில் தோண்டி எடுத்துப் போன தடம் அது. தெற்குப் பக்க வெளிச்சுவர் 1349 நிலநடுக்கத்தில் சரிந்தது, அந்தக் கல்லை எடுத்து ஊரில் வேறு கட்டடங்கள் கட்டினார்கள்.

ஃபோரத்தில் நிழல் குறைவு, விளக்கப் பலகையும் குறைவு. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மதியம் ஒரு மணிக்கு அங்கே நின்றால் வரலாறு மனதில் ஏறாது. காலையில் திறந்தவுடன் போய்விடுங்கள். முந்தைய இரவு ஒரு மணி நேரம் ஒதுக்கி வரைபடத்தைப் பார்த்து, நான்கைந்து கட்டடங்களை மட்டும் தெரிந்துகொண்டு போனால் போதும். நான் ஒன்றைச் சொல்கிறேன்: அன்டோனினஸ், ஃபாஸ்டினா கோயில். பேரரசர் அன்டோனினஸ் பயஸ், இறந்துபோன மனைவிக்காக கி.பி. 141-ல் எழுப்பியது. முன்மண்டபத்தில் பத்துத் தூண்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 17 மீட்டர். நெற்றியில் இரண்டு வரி எழுத்து இருக்கும். கீழ் வரியில் ஃபாஸ்டினாவின் பெயர். அன்டோனினஸ் இறந்த பிறகு அவர் பெயரையும் மேல் வரியாகச் சேர்த்தார்கள்.

அப்புறம் தூண்களுக்கு நடுவே உள்ளே பாருங்கள். ஒரு பெரிய கதவு தரையிலிருந்து பல மீட்டர் உயரத்தில், படியே இல்லாமல், அந்தரத்தில் நிற்கும். கோயில் பிற்காலத்தில் தேவாலயமாக மாறியது. அந்தக் காலத்துக்குள் வெள்ள மண்ணும் இடிபாடும் சேர்ந்து தரை அந்த உயரத்துக்கு ஏறியிருந்தது. இந்த இடமே மாடு மேயும் வெளியாக இருந்து, அந்தப் பெயராலேயே அழைக்கப்பட்டது. பிறகு அகழ்ந்து பழைய தரையை வெளிக்கொண்டு வந்தபோது கதவு மேலேயே தங்கிவிட்டது. தூண்களின் மேல்பகுதியில் சாய்வாகப் பள்ளங்கள் தெரியும், கயிறு கட்டி இழுத்து வீழ்த்தப் பார்த்த தழும்பு என்பார்கள். முதல் தடவை நான் இந்தக் கோயிலின் முன்னால் நடந்துதான் போயிருக்கிறேன். கதவைப் பார்க்கவே இல்லை.

நம் வாசகர்களுக்காக இன்னொன்று. பக்கத்திலேயே மாக்சென்டியஸ் பசிலிக்கா என்ற பெரிய பொது மண்டபத்தின் மூன்று பெரிய வளைவுகள் நிற்கின்றன. அது எழுந்த இடத்தில் முன்பு பேரரசர் டொமிட்டியன் கட்டிய மிளகுக் கிடங்கு இருந்தது. முசிறித் துறையில் யவனர் பொன்னோடு வந்து கறியோடு திரும்பினார்கள் என்று சங்கப் பாட்டு சொல்கிறதே, கறி என்ற அந்த மிளகு போய்ச் சேர்ந்த ஊர் இது. அந்த வளைவின்கீழ் நின்றபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

சாயங்காலம் கேபிடோலின் குன்றின் பின்பக்கம் ஏறினால், காலையில் நடந்த ஃபோரம் முழுவதும் கீழே விரிந்து தெரியும். காசு கிடையாது. அன்றைக்கு வேறு எதையும் திட்டத்தில் வைக்காதீர்கள்.

பாந்தியனைப் பத்து நிமிடத்தில் முடிப்பதும் தவறுதான். முகப்பில் பேரரசர் அகஸ்டஸின் தளபதி அக்ரிப்பா பெயர் பெரிதாக இருப்பதால் அவர் கட்டியது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவருடைய கட்டடம் தீயில் போய்விட்டது. இப்போது நிற்பது பேரரசர் ஹாட்ரியன் காலத்தில், கி.பி. 125 வாக்கில் முடிந்தது. பழைய பெயரை அப்படியே விட்டுவைத்தார்கள். உள்ளே ஜன்னலே இல்லை. வாசலை விட்டால், கூரையின் உச்சியில் உள்ள வட்டத் திறப்பு ஒன்றுதான் வெளிச்சத்துக்கு வழி. குவிமாடத்தின் குறுக்களவு சுமார் 43 மீட்டர், தரையிலிருந்து உச்சியும் அதே அளவு. கம்பியே போடாத கான்கிரீட். அடியில் கனமான கல்லைக் கலந்து, மேலே போகப்போக எடை குறைந்த எரிமலைக் கல்லைக் கலந்திருக்கிறார்கள். கனமும் அடியில் சுமார் 6 மீட்டர், உச்சியில் ஒரு மீட்டரை ஒட்டி. அரை மணி உட்கார்ந்து பாருங்கள், வெயில் வட்டம் சுவரில் நகர்வது கண்ணுக்குத் தெரியும். மழை வந்தால் உள்ளேயே பெய்யும், தரையில் உள்ள சிறு துளைகள் வழியே நீர் வடிந்துவிடும். முன்பு இலவசமாக இருந்தது, 2023 ஜூலையிலிருந்து கட்டணம் உண்டு.

வாட்டிகனில் நடக்கும் குழப்பம் வேறு. அருங்காட்சியகத்தின் வாசல் புனித பீட்டர் சதுக்கத்தில் இல்லை, மதிலைச் சுற்றிக் கால் மணி நேரம் நடக்க வேண்டும். சதுக்கத்தில் நின்று தேடியே குறித்த நேரத்தைத் தவறவிடுகிறார்கள். ஞாயிறு அருங்காட்சியகம் மூடியிருக்கும். மாதக் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறப்பார்கள், அன்று கூட்டம் தாங்காது. தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். சிஸ்டைன் சிற்றாலயத்தில் படம் எடுக்கக் கூடாது. அங்கே மைக்கேலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை தீட்டிய கூரையைக் கழுத்து வலிக்கும்வரை பாருங்கள்.

சின்னச் சின்ன விஷயங்கள் கொஞ்சம். தெருவெல்லாம் சதுரக் கருங்கல் பாவியது, புது ஷூ வேண்டாம். தண்ணீர் பாட்டிலைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை, தெருமுனைகளில் வளைந்த மூக்குக் குழாயோடு வார்ப்பிரும்புத் தூண்கள் நிற்கும், அந்த நீர் குடிக்க நல்லது, சில்லென்று இருக்கும். பஸ்ஸில் ஏறியதும் காகித டிக்கெட்டை இயந்திரத்தில் பதிக்காவிட்டால் அபராதம். டெர்மினி ரயில் நிலையத்திலிருந்து வாட்டிகன் பக்கம் போகும் 64-ஆம் எண் பஸ்ஸில் பையை முன்னால் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்பானியப் படிகளில் உட்கார்ந்தால் 2019 முதல் அபராதம் உண்டு. நம் ஊரில் உச்சிக்காலப் பூஜை முடிந்து நடை சாத்துகிற மாதிரி அங்கே பல சின்ன தேவாலயங்கள் மதியம் பூட்டிவிடும், போகும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படி நேரம் பார்த்துப் போக வேண்டிய ஒன்று, கொலோசியத்திலிருந்து சில நிமிட நடையில் இருக்கும் சான் கிளெமென்தே. தம்பியின் 21 இடங்களில் இது இல்லை. மேலே 12-ஆம் நூற்றாண்டு தேவாலயம், பொன் மொசைக்கோடு. 1857-ல் ஜோசப் முல்லூலி என்ற பாதிரியார் தோண்டத் தொடங்கினார். அடியில் 4-ஆம் நூற்றாண்டு தேவாலயம் கிடைத்தது. அதற்கும் அடியில் முதல் நூற்றாண்டு ரோமானியக் கட்டடச் சுவர்கள், இரண்டு பக்கமும் கல் திண்ணை போட்ட, மித்ராஸ் என்ற பழைய தெய்வத்தின் வழிபாட்டு அறை. டிக்கெட் வாங்கிப் படி இறங்கினால் ஒவ்வொரு தளத்திலும் குளிர் கூடும், ஈர வாசனை வரும். கடைசித் தளத்தில் பேசாமல் நில்லுங்கள். சுவருக்குப் பின்னால் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும்.